மானின் மகள், குறவர் மகள்

ஆங்கிலக் கற்பனைப் புதினங்களை விரும்பிப் படிக்கும் இன்றைய கல்லூரி மாணவர்களிடம் ‘பாதி எல்ஃப்’ என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். எல்ஃப் என்பது ஐரோப்பியத் தொன்மங்களில் வரும், காட்டோடு பிணைத்துப் பேசப்படும் ஓர் அமானுட இனம். அவ்வினத்துக்கும் மனிதருக்கும் பிறந்த குழந்தை இரண்டு உலகங்களிலும் பாதியாகவே நிற்கும். பழைய வடநாட்டுக் கதைகளில் ஹெல்கி என்ற அரசனுக்கும் ஓர் எல்ஃப் பெண்ணுக்கும் பிறந்த ஸ்கல்ட் என்பவள் வருகிறாள். 1954-55இல் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நூலை வெளியிட்ட டோல்கீன், தம் புனைவுலகில் இத்தகையோருக்கு ஒரு விதியே வகுத்தார். அவர்கள் இரு இனங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். எல்ரோன்ட் எல்ஃப்களின் பக்கம் போனான். அவன் உடன்பிறந்த எல்ராஸ் மனிதர் பக்கம் போய் ஒரு நாள் இறந்தும் போனான்.

இக்கதைகளைப் படித்துவிட்டு, நம்மிடம் இப்படியொரு பாத்திரம் இல்லையே என்று ஏங்குவோர் உண்டு. இருக்கிறது என்பதே என் பதில். தாய் ஒரு மான், தந்தை ஒரு முனிவர், கண்டெடுத்து வளர்த்தவர்கள் குறவர்கள், மணந்தவன் முருகன். பன்னிரண்டு வயதில் காட்டுத் தினைப்புனத்தின் பரண்மீது தனியே ஏறி நின்றவள் வள்ளி. கோயில்தோறும் முருகனின் ஒரு பக்கத்தில் அவளைப் பார்த்துப் பழகிவிட்டதால், அவள் எங்கிருந்து வந்தவள், யாருடையவள் என்ற கேள்வி நமக்கு எழுவதே இல்லை. ஆனால் நம் இலக்கியம் அக்கேள்வியை விடாமல் கேட்டிருக்கிறது. காலத்துக்குக் காலம் வேறு வேறு விடைகளையும் தந்திருக்கிறது. அந்த விடைகளின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

இன்று பரவலாக அறியப்பட்ட கதை காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்திலிருந்து வருவது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுட்கள் கொண்ட அப்பெருநூல் சூரபன்மன் வதத்தோடு நின்றுவிடவில்லை. வள்ளியம்மை திருமணப் படலத்தோடுதான் முடிகிறது. (போரைப் பாடிக் களைத்த கவி கடைசியில் தினைப்புனத்துக்கு வந்து இளைப்பாறினார் என்று சொல்லத் தோன்றுகிறது. அந்தப் படலத்தின் நடையே வேறு.) திருமாலின் புதல்வியர் அமுதவல்லி, சுந்தரவல்லி இருவரும் முருகனை மணக்க வேண்டித் தவமிருக்கின்றனர். மூத்தவள் இந்திரன் மகளாக வளர்ந்து தெய்வயானையாகிறாள். இளையவள் தொண்டை நாட்டில், மேற்பாடிக்கு அருகிலுள்ள மலையில் பிறக்கிறாள். அங்கே தவம் செய்யும் சிவமுனிவர் வேடத்தில் இருப்பவர் திருமால். மானுருவில் திரிபவள் திருமகள். முனிவரின் பார்வை பட்டுக் கருவுற்ற மான், குறப்பெண்கள் வள்ளிக்கிழங்கு அகழ்ந்தெடுத்த குழியில் ஒரு பெண் குழந்தையை ஈன்றுவிட்டு, இது தன் இனமன்று என்று கண்டு அஞ்சி ஓடிவிடுகிறது. ஆண் மக்களைப் பெற்றும் பெண் குழந்தை இல்லையே என்று வருந்தியிருந்த வேடர் தலைவன் நம்பி அதைக் கண்டெடுக்கிறான். வள்ளிக்குழியில் கிடைத்ததால் வள்ளி என்று பெயரிடுகிறார்கள்.

இங்கே ஒரு சிறு விளக்கம் தேவை. வள்ளிக்கிழங்கு என்றதும் நம் மாணவர்கள் சர்க்கரைவள்ளியை நினைத்துக்கொள்கிறார்கள். சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் வந்தவை. கதையில் வருவது காட்டில் கொடியாகப் படர்ந்து மண்ணுக்கடியில் கிழங்கு வைக்கும் பழைய வள்ளி. பாரியின் பறம்பு மலையில் உழாமலே விளையும் நான்கு பொருள்களுள் ஒன்றாகக் கபிலர் புறநானூற்றில் சொல்வதும் இதையே. மூங்கிலரிசி, பலாப்பழம், தேன் என்பன மற்ற மூன்று. உழவர் விதைக்காமல், நிலம் தானே தரும் உணவு அது. அந்தக் கிழங்கின் குழியிலிருந்து ஒரு பெண் எடுக்கப்பட்டாள் என்பதில் ஒரு பொருத்தம் உண்டு. சீதை உழுசாலில் கிடைத்தாள்; ஆண்டாள் துளசி வனத்தில் கிடைத்தாள். ஏர் உழும் அரசன் கண்டெடுத்தது ஒருத்தியை, நந்தவனம் காக்கும் அந்தணர் கண்டெடுத்தது ஒருத்தியை, கிழங்கு அகழும் குறவர் கண்டெடுத்தது ஒருத்தியை. மூவரையும் தந்தது மண்தான். எந்தக் கருவி மண்ணைத் தோண்டியதோ அதற்கேற்ற குலத்தில் ஒவ்வொருத்தியும் வளர்ந்தாள்.

கச்சியப்பர் இந்தப் பிறப்பைத் தொலைதூர இமயத்தில் வைக்காமல் தம் சொந்தத் தொண்டை நாட்டில் வைத்தார் என்பது கவனிக்கத்தக்கது. மேற்பாடி இன்று மேல்பாடி என்று வழங்குகிறது. வேலூர்ப் பகுதியில் பொன்னையாற்றங்கரையில் இருக்கும் அவ்வூரில்தான் முதலாம் இராசராசன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படைக் கோயில் எடுத்தான். அருகிலுள்ள வள்ளிமலையில் ஒன்பதாம் நூற்றாண்டளவில் கங்க மன்னன் இராசமல்லன் சமணருக்குக் குகை அமைத்ததைக் கூறும் கல்வெட்டு இருக்கிறது. சமண முனிவர்கள் தவம் செய்த ஒரு மலையில் சிவமுனிவர் ஒருவர் தவம் செய்ததாகக் கதை வருவது தற்செயலா என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு. அதை ஐயம் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

தாம்பரத்தைச் சுற்றி வாழும் எங்களுக்கும் அதே தொண்டை நாடுதான். பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர்ச் சாலையில் போனால் இக்கதையின் உறவுமுறையே நிலப்படமாக விரிவதைப் பார்க்கலாம். முதலில் பம்மலுக்கு அருகே திருநீர்மலை. திருமங்கையாழ்வார் பாடிய திருமால் குன்று. சற்றுத் தொலைவில் சேக்கிழார் பிறந்த குன்றத்தூர். அங்கே முருகன் குன்று. புராணக் கணக்கில் ஒன்று மாமனார் மலை, மற்றொன்று மருமகன் மலை. குன்றத்தூர்க் கருவறையில் ஒரு வழக்கம் சொல்வார்கள். ஒரு பக்கமாக நின்று பார்த்தால் முருகனோடு வள்ளி தெரிவாள். மறுபக்கம் நகர்ந்து நின்றால் தெய்வயானை தெரிவாள். இருவரையும் ஒருசேரக் காண முடியாது. சிற்பியின் கருத்து என்னவோ, நம் இலக்கிய மரபின் நிலை ஏறத்தாழ இதுதான். இந்திரன் மகளைப் பார்க்கும் இடத்திலிருந்து குறமகளைப் பார்க்க முடிவதில்லை.

இந்த இரண்டு பார்வைகளின் முரண் கச்சியப்பருக்கு மிக முந்தையது. பரிபாடலில் குன்றம்பூதனார் பாடிய செவ்வேள் பாட்டில், வள்ளியை முருகன் மணந்ததும் தேவசேனை கண்ணீர் விடுகிறாள். இருவர் தோழியரும் ஆயங்களும் சண்டையிடுகிறார்கள். களவு மணம் உயர்ந்ததா, வேள்வித் தீ வளர்த்துச் செய்யும் மணம் உயர்ந்ததா என்ற வாதம் அப்பாட்டின் உயிர்நாடி. கவிஞர் தயக்கமின்றிக் களவின் பக்கம் நிற்கிறார்; அதன் அருமை தமிழறியாதார்க்கு விளங்காது என்னும் தொனியில் பேசுகிறார். திருமுருகாற்றுப்படையில் முருகனின் ஆறு முகங்களுள் ஒன்றுக்கு வேறு வேலையே இல்லை, வள்ளியோடு மகிழ்ந்திருப்பதுதான் அதன் வேலை. நற்றிணைப் பாடலொன்றில் ஒரு தலைவன் தன் காதலியின் அழகைச் சொல்ல முருகனோடு சென்ற வள்ளியை உவமை காட்டுகிறான். உவமையாகச் சொல்லுமளவுக்குக் கதை எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்று பொருள்.

இந்த இடங்களில் எங்கும் மான் இல்லை, முனிவர் இல்லை, திருமாலின் புதல்வி என்ற முற்பிறப்பும் இல்லை. வள்ளி குறவர் மகள், அவ்வளவுதான். அவளுக்கு அதற்குமேல் ஒரு பிறப்பு வேண்டும் என்று பழைய புலவர்களுக்குத் தோன்றவில்லை. செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவலபில் 1977இல் வள்ளி-முருகன் கதையைத் திராவிடத் தொன்மம் என்றே தலைப்பிட்டு ஆராய்ந்தார். கதையின் கரு தமிழ் மண்ணில் முளைத்தது என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

அப்படியானால் மான் ஏன் வந்தது? வடமொழிக் காந்தத்தின் சங்கர சங்கிதையைத் தழுவிச் செய்தவர் கச்சியப்பர். மான் வயிற்றில் பிறந்த கலைக்கோட்டு முனிவர் கதை இராமாயணத்திலேயே உண்டு. கதையுறுப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு இது விடையாகலாம். ஏன் தேவைப்பட்டது என்பதற்கு விடையாகாது. என் கருத்து இது: தேவர் படைத்தலைவன், இந்திரன் மருமகன், ஒரு குறப்பெண்ணைத் தானே தேடிப் போய்க் கெஞ்சி மணந்தான் என்பதைச் சங்கப் புலவர் பெருமையாகச் சொன்னார்கள். பிற்காலத்துப் புராண மனத்துக்கு அது சற்று உறுத்தியது. ஆகவே அவள் உண்மையில் குறத்தி அல்லள், திருமாலின் மகள், மானின் வயிறு ஒரு வழி மட்டுமே, குறவர் வீடு ஒரு தங்குமிடம் மட்டுமே என்று கதைக்கு அடியில் ஒரு மேடை கட்டப்பட்டது. பாதி மானாக, பாதி முனியாக அவளை ஆக்கியது, முழுக் குறத்தியாக அவள் இருப்பதைத் தவிர்ப்பதற்காகத்தான்.

ஆனால் கச்சியப்பர் பெருங்கவி. மேடையைக் கட்டிவிட்டு, படலம் முழுவதும் அதை மறந்துவிடுகிறார். வள்ளி புனத்துக்குள் அடியெடுத்து வைத்த பிறகு அவள் திருமாலின் மகள் என்ற நினைவு நமக்கு வருவதில்லை. குறிஞ்சித் திணையின் நூற்றாண்டுகள் அவள் வழியாகப் பேசத் தொடங்கிவிடுகின்றன.

பன்னிரண்டு வயதில் பெண்ணைத் தினைப்புனம் காக்க அனுப்புவது குல வழக்கம். தினை பால் பிடித்து முற்றும் வரை கிளியையும் மயிலையும் மானையும் ஓட்ட வேண்டும். கிளி கடியும் கருவிகளாகத் தழல், தட்டை, குளிர் என்பவற்றைக் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு வரிசைப்படுத்துகிறது. கவண் என்ற கல்லெறி கருவியும் உண்டு. ‘ஆலோலம்’ என்ற அழைப்பு பிற்கால மேடை வரைக்கும் வந்தது. இதை விளையாட்டு என்று எண்ணிவிடக் கூடாது. மலைக்குடிக்கு ஆண்டு முழுவதற்குமான உணவு அந்தப் பெண்ணின் விழிப்பில் இருக்கிறது. சிறுமிக்கும் பெண்ணுக்கும் இடைப்பட்ட அந்தச் சில வாரங்களில் அவள் வீட்டிலும் இல்லை, மணமனையிலும் இல்லை, நிலத்திலும் இல்லை, வானத்திலும் இல்லை, பரணில் இருக்கிறாள். பிறப்பால் இரண்டுக்கும் நடுவே நிற்கும் ஒருத்திக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை எந்தக் கவியும் கற்பித்திருக்க முடியாது. மானின் மகள் மானை ஓட்டும் வேலையில் இருக்கிறாள் என்பதைக் கச்சியப்பர் சுட்டிக்காட்டுவதில்லை. நாம்தான் எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாரதர் சொல்லித் திருத்தணிகையிலிருந்து முருகன் வேடனாக வருகிறான். பெயரைக் கேட்கிறான், ஊரைக் கேட்கிறான், இரண்டும் இல்லையென்றால் ஊருக்குப் போகும் வழியையாவது சொல் என்கிறான். அந்த நேரத்தில் நம்பி கூட்டத்தோடு வந்துவிட, வேடன் வேங்கை மரமாகிறான். இந்தப் பகுதிதான் படலத்தின் உச்சம் என்று எனக்குத் தோன்றுகிறது. வேடர்களுக்குத் தங்கள் காட்டின் ஒவ்வொரு மரமும் தெரியும். நேற்றுவரை இல்லாத மரம் இன்று எப்படி வந்தது, இதனால் தீங்கு வரும், வெட்டுங்கள் என்று கொதிக்கிறார்கள். நம்பி மகளைப் பார்த்துக் கேட்கிறான். அவள் மெய்யும் பொய்யும் கலந்து ஒரு விடை சொல்கிறாள். இது எப்படி வந்ததென்று அறியேன், மாயம்போல் தோன்றியது, அதைக் கண்டு நானும் நடுங்கிக்கொண்டிருக்கிறேன் என்கிறாள். நடுக்கம் உண்மை, காரணம்தான் வேறு. மகளை நம்பிய தந்தை, மரம் உனக்குத் துணையாக இருக்கட்டும் என்று விட்டுப் போகிறான். அவள் தானாகச் செய்த முதல் காரியம் அதுதான். பெற்ற மானோ வளர்த்த குறவரோ தேடி வந்த கடவுளோ அவளுக்குச் சொல்லிக்கொடுக்காத ஒரு சொல்லால் அவள் ஒரு மரத்தைக் காப்பாற்றினாள்.

அது வேங்கையாக இருப்பதும் வெறும் அலங்காரமன்று. குறிஞ்சிப் பாடல்களில் வேங்கை பூப்பது தினை அறுவடைக்கும் திருமணத்துக்கும் காலம் வந்ததென்பதற்கு அடையாளம். காலம் கணித்துச் சொல்லும் கணியன் என்றே வேங்கையைப் புலவர்கள் பேசுவார்கள். வேங்கை பூத்தால் தினை கொய்வார்கள். கொய்தால் காவல் முடியும். முடிந்தால் பெண்ணை வீட்டுக்குள் அடைப்பார்கள். அகப்பொருள் இலக்கணம் இதை இற்செறிப்பு என்னும். முருகன் எடுத்த உருவமே வள்ளியின் சுதந்திரத்துக்கு நாள் குறிக்கும் மரம்.

பிறகு கிழவன் வேடம், தேனும் தினைமாவும், நீர் கேட்டல், அண்ணன் விநாயகன் யானையாக வந்து மிரட்டுதல். எல்லோரும் அறிந்த பகுதி, விரிக்க வேண்டாம். ஆனால் யானை மிரட்டப் பெண் தலைவனைப் பற்றிக்கொள்ளும் காட்சி குறிஞ்சிப்பாட்டிலேயே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அங்கே யானை வெறும் யானை. இங்கே அது மைத்துனர். பிறகு தோழி ஐயுறுகிறாள். தினை கொய்யப்படுகிறது. வள்ளி வீட்டில் அடைபட்டு வாடுகிறாள். முருகு அணங்கியது என்று வெறியாட்டு நடத்துகிறார்கள் (முருகன்தான் காரணம் என்பது இந்த ஒரு வீட்டில் மட்டும் உண்மை). இரவில் உடன்போக்கு. தொல்காப்பியத்துக் களவியலுக்கு உரை தேவைப்பட்டால் இந்தப் படலத்தையே வைத்துக்கொள்ளலாம்.

உடன்போக்கோடு சங்கத் தலைவி பெரும்பாலும் பாலை வழியில் மறைந்துவிடுவாள். வள்ளிக்கு அப்படி நேரவில்லை. நம்பியும் வேடர்களும் துரத்தி வந்து அம்பு தொடுக்கிறார்கள். முருகனின் சேவற்கொடி கூவ, அத்தனை பேரும் உயிரற்று விழுகிறார்கள். பெற்றவரை வீழ்த்திவிட்டு அவர்கள் இசைவில்லாமல் மகளைக் கொண்டுபோவது தகுமா என்று நாரதர் கேட்கிறார். முருகன் திரும்பி வந்து, எழுப்பும் வேலையை வள்ளியிடமே ஒப்படைக்கிறான். எல்லோரும் எழுக என்று அவள் சொல்ல, வேடர் எழுகிறார்கள். குழியில் கிடந்த குழந்தைக்கு அவர்கள் வாழ்வு தந்தார்கள். அவள் இப்போது திருப்பித் தருகிறாள். அதன் பின்னரே அவர்கள் ஊரில், அவர்கள் இல்லத்தில், திருமணம் நடக்கிறது. டோல்கீனின் பாதி மனிதர்களைப் போல ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலைக்கு அவள் தள்ளப்படவில்லை. தணிகைக்குப் போனாலும் தாய்வீடு உயிரோடு இருக்கிறது.

ஈழத்தில் இது இன்னும் துலக்கமாக இருக்கிறது. கதிர்காமத்து மக்கள் மரபில் வள்ளியை வளர்த்தவன் வேடர் தலைவன். அங்கே வேடர் என்பது இலங்கையின் ஆதிகுடி. ஆடித் திருவிழாவில் முருகனின் ஊர்வலம் தன் கோயிலிலிருந்து புறப்பட்டு வள்ளியம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்புகிறது. திரைக்குப் பின்னால் நடக்கும் பூசையைச் செய்பவர்கள் சிங்களக் கப்புறாளைமார். ஆலத்தி ஏந்துபவர்கள் பெண்கள். தெய்வயானைக்கும் அங்கே கோயில் உண்டு. ஊர்வலம் போகும் வீடு வள்ளியுடையது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகிறான். வள்ளியை மேலே ஏற்றுவதற்கு ஒரு மேடை அங்கே தேவைப்படவில்லை.

தமிழகத்தில் குறவர்களும் இந்த உறவை விட்டுக்கொடுக்கவில்லை. பிற்காலத்துக் குறம், குறவஞ்சி நூல்களில் வரும் குறத்தி தன் குலப்பெருமையைச் சொல்லும்போது, முருகனுக்குப் பெண் கொடுத்த குலம் எங்கள் குலம் என்பதை மறக்காமல் சொல்வாள். அருணகிரிநாதரோ குறமகளின் காலில் விழும் கடவுளாகவே முருகனைத் திருப்புகழில் பலமுறை பாடினார். பக்தியில் குறத்திக்கு இத்தனை ஏற்றம் இருந்தது.

வாழ்வில் என்ன இருந்தது? உப்பையும் தானியத்தையும் மாடுகளில் ஏற்றி ஊர் ஊராக விற்றுப் பிழைத்த குறவர்களின் தொழிலை ஆங்கிலேயரின் உப்புக் கொள்கையும் இரயில் பாதையும் நசுக்கின. மீனா ராதாகிருஷ்ணா 2001இல் வெளியான தம் நூலில் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார். வட இந்தியாவுக்காக 1871இல் செய்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தி எழுதப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர்கள் அதன் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். கைரேகை வைக்க வேண்டும். இருப்பிடம் தெரிவிக்க வேண்டும். குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும். பிறப்பே குற்றம். திருப்புகழ்ச் சபைகளில் குறமகளின் பாதம் பாடப்பட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் குறவர் குடியிருப்புகளில் பெயர் கூப்பிட்டுத் தலை எண்ணினார்கள். சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் அச்சட்டம் நீங்கியது. கரகாட்ட மேடைகளில் கொச்சைப்பட்டுப் போன குறவன் குறத்தி ஆட்டத்துக்குத் தமிழக அரசு தடை விதிக்க 2023 வரை ஆயிற்று. வள்ளியை மானின் மகளாகவும் திருமாலின் மகளாகவும் ஆக்கிக்கொண்ட சமூகத்துக்கு அவளுடைய தமையன்மாரைக் குறவர்களாக மட்டுமே பார்க்க முடிந்தது. புராணப் பிறப்புக்கதை யாருக்குப் பயன்பட்டது, யாருக்குப் பயன்படவில்லை என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை.

கடைசியாக மேடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகளின் (1867-1922) ‘வள்ளி திருமணம்’ தென்மாவட்டத் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடக்கும் நாடகம். 1945இல் ஏ.வி.எம். ‘ஸ்ரீவள்ளி’ எடுத்தபோது டி.ஆர். மகாலிங்கம் முருகனாகவும் குமாரி ருக்மணி வள்ளியாகவும் நடித்தார்கள். ருக்மணியின் பாட்டு நிறைவு தராததால் பி.ஏ. பெரியநாயகியின் குரலைப் பொருத்தினார்கள். உடல் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. வள்ளிக்கு இதுவும் நேர்ந்தது. ஆனால் நாடக மேடையில் அப்படிச் செய்ய வழியில்லை. அங்கே வள்ளியாக வரும் நடிகைக்குச் சொந்தக் குரலும், அதைவிட முக்கியமாகச் சொந்த வாதத் திறனும் வேண்டும். வேலனுக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம்தான் அந்த நாடகத்தின் மையம். எழுதி வைத்த வசனத்தைத் தாண்டி, எதிராளியின் மடக்குக் கேள்விக்கு அந்த நொடியிலேயே விடை சொல்ல வேண்டும். மரத்தைக் காப்பாற்றச் சொன்ன அந்த முதல் பொய்யின் வாரிசுகள் இவர்கள். நன்றாகத் தர்க்கம் செய்யும் ‘வள்ளி’க்காகவே கூட்டம் விடியும் வரை உட்கார்ந்திருக்கும். அதே கூட்டம் மறுநாள் பகலில் அந்த நடிகையைப் பற்றிப் பேசும் பேச்சு வேறு. நாடகப் பெண்கள் சுமக்கும் அந்த இழுக்கைச் சூசன் சைசர் 2005இல் வந்த தம் ஆய்வு நூலில் பதிவு செய்திருக்கிறார்.

அந்தத் தர்க்கம் தொடங்கும் விதம் ஒன்றுண்டு. வேலன் தினைப்புனத்துக்குள் வந்து, தான் துரத்தி வந்த ஒரு மான் இந்தப் பக்கம் ஓடியதா என்று வள்ளியிடம் விசாரிப்பான். சொல்லச் சொல்ல அந்த மானின் அடையாளங்கள் எல்லாம் அவளுடையவையாகவே இருக்கும். மானின் மகளிடம் மானைக் கேட்கிறோம் என்று வேலனுக்குத் தெரியும், பார்ப்பவர்களுக்கும் தெரியும். பரண்மீது கையில் கவணோடு நிற்கும் வள்ளி, இது எங்கள் அண்ணன்மார் காவல் காக்கும் காடு, அப்படி எந்த மானும் இங்கே வரவில்லை என்று வாதாடத் தொடங்குவாள்.